ஒதுங்கி நிற்கும் மாணவரிடமிருந்து தொடங்கும் உடற்கல்விப் பாடத்திட்டம்

உடற்கல்வி வகுப்பில் ஓரமாக நிற்கும் மாணவர்களை அறிவுரை சொல்லியோ மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டியோ ஆட்டத்துக்குள் இழுக்க முயல்வதைவிட, அவர்கள் ஒதுங்க இடம் தரும் பாடத்திட்டத்தையே திருத்தி எழுதுவது பயன் தரும். அதற்கு முன் சில வகுப்புகளைக் கவனித்து, பந்து யார் கைக்கு எத்தனை முறை வருகிறது, வரிசையில் யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம், மிதமானது முதல் தீவிரமானது வரை, தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு ஓரிரு பாடவேளைகளால் இதை எட்ட முடியாது என்பதால், வகுப்புக்கு வெளியிலும் தானாக விளையாடும் விருப்பத்தை வளர்ப்பதையே முதல் நோக்கமாக எழுத வேண்டும். அத்தகைய விருப்பம் வேரூன்ற, தன் விருப்பப்படி தேர்வு செய்யும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் கோட்பாடு.

இவற்றில் இரண்டாவதுதான் பெரும்பாலான பாடத்திட்டங்களில் கைவிடப்படுகிறது. உடற்கல்வி அறிஞர் மஸ்கா மாஸ்டன் தந்த கயிற்று எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும்: கயிற்றைச் சமமட்டத்தில் பிடித்து உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தாண்ட முடியாதவர் ஒவ்வொருவராக வெளியேற, பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, அதே கயிற்றைச் சாய்வாகப் பிடித்தால், எவரும் வெளியேறாமல் தமக்கேற்ற உயரத்தைத் தாமே தேர்ந்து தாண்டலாம். எனவே ஒவ்வொரு அலகிலும் ஒரு சாய்வை அமைத்துவிடுங்கள். கைப்பந்தில் சர்வீஸ் போடும் தூரத்தையும், கூடைப்பந்தில் வளையத்தின் உயரத்தையும் பந்தின் அளவையும் மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு மூன்று தெரிவுகள் போதும். அதற்கு மேல் போனால் வகுப்பு குழம்பும்.

பயிற்சியின் நடுவே மாணவர்கள் கேட்கும் "எப்போது சார் மேட்ச்?" என்ற கேள்வியைக் குறும்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது நியாயமான கேள்விதான். உடற்கல்வி அறிஞர்கள் பங்கரும் தார்ப்பும் 1982இல் முன்வைத்த முறையைப் பின்பற்றி, எளிமையாக்கிய சிறு ஆட்டத்தில் தொடங்கி, எந்தத் திறன் இல்லாததால் ஆட்டம் தடைப்படுகிறது என்பதை மாணவர்கள் உணர்ந்த பிறகு அதைக் கற்பிக்கலாம். மூவருக்கு மூவர் ஆடினால் எவரும் பந்தைத் தொடாமல் வகுப்பைக் கடத்திவிட முடியாது.

பிணைப்புக்கு நேரம் வேண்டும். வாரம் ஒரு விளையாட்டு என்று மாற்றாமல், உடற்கல்வி அறிஞர் டேரில் சீடன்டாப்பின் விளையாட்டுக் கல்வி மாதிரியைப் போல ஒரே அணியை ஒரு பருவம் முழுக்க நிலைநிறுத்தி, நடுவர், புள்ளி குறிப்பவர், பயிற்சியாளர் ஆகிய பொறுப்புகளையும் மாணவர்களிடமே கொடுங்கள். ஆனால், ஓடப் பிடிக்காதவர் நிரந்தரப் புள்ளி குறிப்பவராகிவிடுவது எளிது என்பதால், பொறுப்புகள் கட்டாயம் சுழல வேண்டும்.

அணித் தலைவர்கள் எல்லார் முன்னிலையிலும் ஆள் பொறுக்கும் வழக்கத்தையும், தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பதையும் உடனே நிறுத்திவிடலாம். மதிப்பீட்டைப் பொறுத்தவரை, ஓட்ட நேரங்களைப் பலகையில் ஒட்டாமல், ஒவ்வொருவரும் தமது தொடக்க நிலையோடு ஒப்பிட்டு எழுதும் தனிக் குறிப்பேட்டை வைத்து, பருவ முடிவில் அதையும் முதலில் எடுத்த கவனிப்புக் குறிப்புகளையும் அருகருகே வைத்து அடுத்த பருவத்தின் அலகுகளைத் திருத்துங்கள்.