நாடு கடந்த மோட்டார் சைக்கிள் பயணம்: ஆவணம் முதல் மூட்டை வரை

வெளிநாடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் புறப்பட முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் பெட்டிகளையும் பைகளையும்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஆவணங்கள் கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று தெரியாமல் வாங்கிய பெட்டி பிறகு பயன்படாமலும் போகலாம். ஆகவே முதல்முறை புறப்படுகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்வது நல்லது.

படி 1: ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இன்று பெரிதும் புழக்கத்தில் இருப்பவை இரண்டு வகை: 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது ஓராண்டும், 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டும் செல்லும். நீங்கள் செல்லும் ஒவ்வொரு நாடும் எந்த வகையை ஏற்கிறது என்பதையும், அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவில் முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூல உரிமம் உடன் இல்லாவிட்டால் இந்த அனுமதி செல்லாது.

அதிகக் கவனம் தேவைப்படுவது கார்னெட் எனப்படும் சுங்க ஆவணம். வண்டியைத் தற்காலிகமாகவே உள்ளே கொண்டு வருகிறீர்கள், விற்காமல் திரும்ப வெளியே எடுத்துச் சென்றுவிடுவீர்கள் என்பதற்கான உத்தரவாதம் இது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து ஆகிய நாடுகளுக்குள் வெளிநாட்டுப் பதிவுள்ள வண்டியைக் கொண்டு செல்ல இது வேண்டும். தென் அமெரிக்க நாடுகளில் பொதுவாக எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வண்டி பதிவாகியுள்ள நாட்டின் வாகன ஓட்டிகள் சங்கம் வண்டியின் மதிப்பைப் பொறுத்து வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ பெற்றுக்கொண்டு கார்னெட்டை வழங்குகிறது. பொதுவாக ஓராண்டு செல்லுபடியாகும். கையில் வாங்கியதும் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

கார்னெட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைவுக்கு ஓர் இடமும் வெளியேற்றத்துக்கு ஓர் இடமும் இருக்கும். வெளியேறும்போது முத்திரை விழாவிட்டால் வண்டி இன்னும் அந்த நாட்டுக்குள்ளேயே இருப்பதாகத்தான் சுங்கத்துறை கொள்ளும். வரியை உங்கள் வைப்புத்தொகையிலிருந்து கோரவும் முடியும். எனவே எத்தனை பேர் பின்னால் நின்றாலும், முத்திரையும் தேதியும் கையொப்பமும் தெளிவாக இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடுகள் பாதையில் இருந்தால், ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 2016ஆம் ஆண்டிலிருந்து அது ஆயுள் முழுவதும் செல்லும்.

படி 2: எடைக் கணக்கு

வண்டியின் கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை குறிப்பிடப்பட்டிருக்கும். அதிலிருந்து எரிபொருள் நிரப்பிய வண்டியின் எடையையும், தலைக்கவசம், காலணி உட்பட முழு உடையில் உங்கள் எடையையும் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 380 கிலோ, வண்டி 200 கிலோ, நீங்கள் 95 கிலோ என்றால் மீதி 85 கிலோ. பெட்டிகளின் எடையும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும். இந்த மீதியில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. கரடுமுரடான பாதையில் விழுந்த வண்டியைத் தனியாக நிமிர்த்த வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

அலுமினியப் பெட்டிகள் பூட்டுக்கு வசதியானவை. ஆனால் கனமானவை, மண் பாதையில் கால் ஊன்றும்போது கெண்டைக்காலில் இடிக்கவும் கூடும். புதியவர்களுக்குத் துணியாலான பக்கவாட்டுப் பைகளே ஏற்றவை.

படி 3: சுமையோடு வண்டியைச் சரிசெய்தல்

சுமை ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். முதலில் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது சுருள்வில்லின் முன் இறுக்கத்தை, கூட்டுங்கள். பிறகு டயர்களில் கையேடு முழுச்சுமைக்குச் சொல்லும் காற்றழுத்தத்தை வையுங்கள். செயினில் தனிக் கவனம் வேண்டும். சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் செயின் இறுகும் என்பதால், வெறும் வண்டியில் இறுக்கமாக வைத்த செயின் முழுச்சுமையில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது விறைத்து, கியர்பாக்ஸின் பேரிங்கையே பாதிக்கும். மூட்டையை ஏற்றி, ஒருவரை உட்காரவைத்து, செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துத் தளர்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கையும் சற்றுத் தாழ்த்துங்கள். பின்பக்கம் இறங்கினால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

படி 4: கருவிகளும் உதிரிகளும்

உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பேனர்களை மட்டும் எடுங்கள். இந்தக் கருவிகளைக் கொண்டே இரு சக்கரங்களையும் ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டால், எது தேவை, எது வீண் சுமை என்பது தானாகவே தெரிந்துவிடும். பஞ்சர் கருவிகள், சிறிய காற்றடிப்பான், டியூப் டயர் என்றால் மாற்று டியூப், கிளட்ச் கேபிள், செயின் இணைப்புக் கண்ணி, பிரேக், கிளட்ச் லிவர்கள், ஃபியூஸ்கள் ஆகியவை இருக்கட்டும். மற்றவற்றைப் பெரும்பாலும் வழியில் பெற்றுக்கொள்ளலாம்.

படி 5: உடை

ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்பாமல் அடுக்கடுக்காக அணியுங்கள். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலை 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைத்தால் கணவாயைக் கடக்கிறது. அத்தகைய பாதையில் வெயிலையும் உறைகுளிரையும் ஒரே நாளில் சந்திக்க நேரலாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். உள்ளாடைக்கு மெரினோ கம்பளியோ விரைவில் உலரும் செயற்கை இழையோ ஏற்றது.

படி 6: கட்டுதலும் ஒத்திகையும்

கருவிகள், டியூப், தண்ணீர் போன்ற கனமானவை பக்கப் பைகளின் அடியில், உங்கள் இடுப்புக்கு அருகில் இருக்க வேண்டும். இரு பக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் தூங்கும் பை, கூடாரம் போன்ற இலகுவானவை மட்டும் போதும். கொக்கி வைத்த ரப்பர் கயிறுகளைத் தயவுசெய்து தவிருங்கள்: கொக்கி நழுவிப் பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பக்கிள் உள்ள பட்டைவார்களால் கட்டி, தொங்கும் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். கடவுச்சீட்டும் கார்னெட்டும் டேங்க் பேக்கில் (எரிபொருள் தொட்டியின் மேல் வைக்கும் பை) வேண்டாம், உடலோடு இருக்கட்டும். நகல்களை வேறொரு பையில் வையுங்கள்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே முழுச்சுமையோடு வெளியே சென்று ஓரிரவு தங்கித் திரும்புங்கள். வந்ததும் பைகளைக் கொட்டி, கையே படாத பொருட்களை ஒதுக்குங்கள். மருந்து, மழையுடை, பழுதுக்கருவி மட்டும் இதற்கு விலக்கு. பின் சுமைச் சட்டத்தின் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். தளர்ந்தவற்றைக் கழற்றி, மரையில் பூட்டுப்பசை (போல்ட் தளராமல் பிடித்துவைக்கும் பசை) தடவி இறுக்குங்கள்.