கொடுவாவின் ஈரல் வெளுத்தபோது

வேலணையில் எங்கள் வளவுக்குள் சீமெந்துத் தொட்டி கட்டிக் கொடுவா மீன் வளர்த்த முதல் ஆண்டில், சூடைக் கருவாட்டுத் தூளின் விலை ஏறியதால், தீனியில் பாதிக்கு மேல் கோதுமை மாவையே சேர்த்தேன். மீன்கள் ஆவலோடு தின்றன. ஆனால் இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லை. ஒன்றை வெட்டிப் பார்த்தபோது, செங்கபிலமாக இருக்க வேண்டிய ஈரல் வீங்கி, வெளிறி, விரல் பட்டதும் நசிந்தது.

கொடுவா ஊனுண்ணி. அதன் குடலில் மாப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு நொதியம் குறைவு. குருதியில் சேரும் குளுக்கோசையும் அதன் உடல் மெதுவாகவே பயன்படுத்துவதால், மிஞ்சியது கிளைக்கோசன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் ஈரலில் தேங்குகிறது. திலாப்பியாவும் கெண்டையும் ஏறத்தாழ 40 சதவீதம் வரை மாப்பொருளைத் தாங்கும்; ஊனுண்ணிகளுக்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே என் முடிவு.

எனவே மாவை 15 சதவீதமாகக் குறைத்து, கருவாட்டுத் தூளைக் கூட்டினேன். பச்சை மாவாகக் கலக்காமல், கொதிநீரில் கிளறிக் களியாக்கிப் பிசைந்தேன். வெந்த மாப்பொருளின் மணிகள் குலைந்திருப்பதால் நொதியம் அதனை எளிதில் பற்றுகிறது, தீனி உருண்டையும் நீரில் சட்டெனக் கரைவதில்லை. (களி கட்டிபடாமல் கிளறுவதற்குப் பொறுமை வேண்டும்.) ஆறு வாரம் கழித்து வெட்டிய மீனின் ஈரல் இறுகி, நிறம் திரும்பியிருந்தது.