படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

1840-இல் பிரான்ஸைச் சேர்ந்த இப்போலித் பயார் தன்னையே ஒரு படம் எடுத்தார். மேல்சட்டை இல்லை, கண்கள் மூடியிருக்கின்றன, உடல் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. பார்த்தால் அசந்து தூங்குகிற ஆள். படத்தின் பின்பக்கம் அவர் எழுதியதைப் படித்ததும் அதே ஆள் பிணமாகிவிடுகிறார். பயாரைப் போலவே புகைப்பட முறை ஒன்றைக் கண்டுபிடித்த டகேருக்கு அள்ளிக் கொடுத்த அரசு பயாருக்கு ஒன்றும் தரவில்லை, அவர் நீரில் மூழ்கி இறந்துவிட்டார் என்கிறது குறிப்பு. படத்தில் முகமும் கைகளும் கறுத்துத் தெரியும். அவை அழுகத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். பயார் 1887 வரை உயிரோடு இருந்தார்!

சரி, நீங்களே எடுத்த ஒரு படத்தோடு உட்காருங்கள்.

முதலில், ஒரு நிமிடம் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைத் தாளில் எழுதுங்கள். ‘வாசல்படியில் ஒரு பெரியவர். பக்கத்தில் பெட்டி. செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்.’ ‘சோகமாக இருக்கிறார்’ என்று கை எழுதிவிட்டால் அடித்துவிடுங்கள். அது உங்கள் ஊகம்.

அடுத்து, அதே படத்துக்கு மூன்று குறிப்புகள் எழுதிப் பாருங்கள்.

‘வீடு திரும்பினார்.’
‘வீட்டைக் காலி செய்யும் நாள்.’
‘மாலை 5 மணி.’

முதல் குறிப்பில் பெட்டி இப்போதுதான் இறக்கி வைத்தது. இரண்டாவதில் அதே பெட்டி கனக்கிறது. மூன்றாவதில் பெட்டி கண்ணிலேயே படாது, படியில் விழும் வெயில்தான் தெரியும். எனக்கு இந்தப் பயிற்சி இன்றும் அலுக்கவில்லை.

மூன்று பேரிடம் ஆளுக்கொரு குறிப்போடு படத்தைக் காட்டி, முதலில் எது கண்ணில் பட்டது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், உண்மையில் நடந்ததைச் சொல்லும் குறிப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். யார், எங்கே, எப்போது என்பது போதும். படத்தில் இருப்பவர் படித்தால் ‘ஆமாம், அப்படித்தான்’ என்று சொல்ல வேண்டும்.

படம் எதன் பக்கத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். 1958-இல் புகைப்படக் கலைஞர் ரொபேர் துவானோ பாரிஸ் மதுக்கடை ஒன்றில் ஓர் ஆணையும் பெண்ணையும் அனுமதி கேட்டே படம் எடுத்தார். பின்னால் அது மதுவின் தீமை பற்றிய கட்டுரையோடு வந்தது. விலைமாதர் பற்றிய செய்தியோடும் வந்தது. அந்த ஆண் வழக்குப் போட்டார்.

கடைசியாக, குறிப்பைப் படக்கோப்பின் மெட்டாடேட்டாவிலும் (கோப்புக்குள்ளேயே படத்தோடு சேர்ந்திருக்கும் தகவல் பகுதி) எழுதிவையுங்கள். பல சமூக ஊடகங்கள் அதை நீக்கிவிடும். அங்கே பதிவிடும்போது குறிப்பைப் படத்துக்குக் கீழே மறுபடி எழுதுங்கள்.