இசப்கோலும் கொலஸ்ட்ராலும்: மலைக்குளிரில் தொடங்குகிறவர்களுக்கு

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கவுண்டரில் விரித்து வைத்து, "அண்ணா, மாத்திரை வேண்டாம், கொழுப்பைக் கரைக்கிற பவுடர் ஏதாவது குடுங்க" என்பார்கள். நார்ச்சத்துப் பவுடர் எதையும் கரைக்காது. ஆனால் ஒழுங்காகக் குடித்தால் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும். அந்த ‘ஒழுங்காக’ என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

படி 1: எந்த எண் என்று பாருங்கள்

லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் ஐந்தாறு வரிகள் இருக்கும். நமக்கு வேண்டியது எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு. 100-க்குக் கீழே நல்லது. 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. 160-ஐத் தாண்டினால் அதிகம். 190-க்கு மேல் என்றால் பவுடரை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகைக் கொழுப்பு மட்டும் ஏறியிருந்தால் இந்தப் பவுடரால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஹெச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பையும் இது அநேகமாக அசைக்காது.

படி 2: சரியான நாரை வாங்குங்கள்

நார்ச்சத்து என்று எழுதியிருப்பதெல்லாம் கொலஸ்ட்ராலைக் குறைக்காது. கோதுமைத் தவிடு மலச்சிக்கலுக்கு நல்லது, எல்.டி.எல்.லைத் தொடாது. தண்ணீரில் சுவடில்லாமல் கரைந்துவிடுகிற இனுலின் வகைப் பவுடர்களும் அப்படித்தான். வேண்டியது தண்ணீரில் கூழாகக் கெட்டிப்படுகிற நார். அதில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற இசப்கோல் உமி.

வாங்கியதைச் சோதிக்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் விடுங்கள். ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி கொழகொழவென்று ஆனால் சரியான சரக்கு. (சோதித்ததைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.) லேபிளையும் படியுங்கள். ஆரஞ்சு வாசனைப் பாக்கெட்டுகள் சிலவற்றில் சர்க்கரை இருக்கும். வயிறு சுத்தமாக என்று விற்கும் சூரணங்களில் நிலாவாரை இருக்கலாம். அது பேதி மருந்து, தினமும் குடிக்கிற சாமான் இல்லை.

இந்தக் கூழ் என்ன செய்கிறது? கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் செய்து, சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்கக் குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கல்லீரலுக்கே திரும்பிவிடும். குடலில் கூழ் இருந்தால் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். போனதற்கு ஈடாகப் புதிதாகச் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுக்கிறது. பித்தம் சுரப்பது சாப்பாட்டு நேரத்தில் என்பதால், படுக்கப் போகும்போது குடிப்பதைவிடச் சாப்பாட்டை ஒட்டிக் குடிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 3: கொஞ்சமாகத் தொடங்குங்கள்

இலக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் உமி. அதில் கூழாகிற கரையும் நார் சுமார் 7 கிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998-ல் இசப்கோலுக்கு ஏற்றுக்கொண்ட அளவும் இந்த 7 கிராம்தான். முதல் நாளே 10 கிராமுக்குப் பாய்ந்தால் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, மூன்றாம் நாள் டப்பா அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரம் மதியம் மட்டும் 3 கிராம், அடுத்த வாரம் இரண்டு வேளை, பிறகு வேளைக்கு 5 கிராம். உமி லேசு, அரைத்த பொடி கனம். ஸ்பூன் கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகாது. வீட்டில் சின்னத் தராசு இருந்தால் ஒரு தரம் நிறுத்துப் பார்த்து, உங்கள் ஸ்பூன் எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: தண்ணீர்

நம்ம ஊரில் சறுக்குகிற இடம் இதுதான். சமவெளியில் தாகம் தானாகவே செம்பைத் தேட வைக்கும். இங்கே மார்கழி, தை உறைபனியில் காலையிலிருந்து இரண்டு கிளாஸ் டீயோடு நாளை ஓட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கே எல்.டி.எல். 148 வந்தபோது, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆள், அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டு விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். நாலு நாள் கல் மாதிரி வயிறு. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பொருளாலேயே மலச்சிக்கல்!

ஒவ்வொரு வேளையும் முழு டம்ளர், அதாவது 250 மில்லி. கலக்கியதும் கெட்டியாகுமுன் மடமடவென்று குடித்துவிட்டு, மேலே இன்னொரு அரை டம்ளர். வெதுவெதுப்பான தண்ணீர் நம் குளிருக்கு இதம்தான், ஆனால் அதில் சீக்கிரம் கெட்டிப்படும், தாமதிக்காதீர்கள். டீயில் கலக்க வேண்டாம். டீயை யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. உமியை வறட்டுப் பொடியாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குப் பறிக்கப் போகிற அக்காமார்களுக்கு நான் சொல்வது, பிளாஸ்கில் டீ கொண்டுபோகிற மாதிரி தனியாக ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோங்கள் என்று.

விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்போ சுருக்கமோ வந்தவர்கள், இசப்கோல் தூசுக்கு மூச்சு இளைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

படி 5: மாத்திரையிலிருந்து தள்ளி வையுங்கள்

கூழ் மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கு முன்பின் இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சர்க்கரையும் கொஞ்சம் இறங்கலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டேடின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும்.

படி 6: தட்டையும் பாருங்கள்

அவரை, பீன்ஸ், கேரட் எல்லாம் இங்கேயே விளைகிறது, அவற்றிலும் கரையும் நார் உண்டு. ஓட்ஸ் பிடித்தால் தினம் 70 கிராம் போல. வர்க்கியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த வர்க்கியை டீக்கு நாலு என்று முக்கிச் சாப்பிட்டுவிட்டு இசப்கோலைக் குறை சொல்லக் கூடாது.

படி 7: மறுபடி சோதியுங்கள்

இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில். தினம் 10 கிராம் விடாமல் குடித்தவர்களுக்குச் சராசரியாக எல்.டி.எல். 7 சதவீதம் அளவில் இறங்கும். 150 இருந்தால் 140 போல. "இவ்வளவுதானா அண்ணா?" என்று முகம் சுருங்கும். ஸ்டேடினின் அளவை இரண்டு மடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது கிட்டத்தட்ட 6 சதவீதம்தான் என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்வார்கள். எனக்கு 148 வந்து 137-ல் நின்றது. குடிப்பதை நிறுத்தினால் பழைய இடத்துக்கே ஏறிவிடும் என்பதால், டப்பா இப்போது சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.

இறங்கவே இல்லையென்றால் அளவை நீங்களாகக் கூட்டாமல் டாக்டரைப் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.