பென்சிலை மாற்றுமுன் லெட்டை மாற்றுங்கள்: மெக்கானிக்கல் பென்சில் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரையக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் கையில் இருக்கும் மெக்கானிக்கல் பென்சிலைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். 0.5 மி.மீ. பென்சிலில் 0.7 மி.மீ. லெட்டை, அதாவது உள்ளே போடும் மெல்லிய எழுதுகுச்சியை, நுழைக்கப் பார்ப்பது மாதிரியான தவறுகளை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. அவற்றை விட்டுவிடலாம். தவறு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் தொடர்கிறவை சில இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

லெட்டைக் கவனிக்காமல் பென்சிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். காசு போவது ஒரு பக்கம், வரைய வேண்டும் என்ற ஆசையும் கூடவே போய்விடுகிறது.

ஒரு மாணவி சாதாரண பிளாஸ்டிக் பென்சிலோடு வந்தார். லெட் அடிக்கடி உடைகிறது என்று உலோகப் பிடி வைத்த பென்சில் ஒன்றை வாங்கினார். அதிலும் உடைந்தது. அப்புறம் லெட் உடையாமல் காக்கும் அமைப்பு உள்ள பென்சில். அதில் உடைவது குறைந்தது, ஆனால் கோடு மங்கலாக இருக்கிறது, கை வலிக்கிறது என்றார். நான்காவதாக எதை வாங்கலாம் என்று கேட்டபோது மூன்றையும் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றிலும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த 2எச் லெட்! புதுப் பென்சில் வாங்கும்போதெல்லாம் பழைய லெட்டை அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

2எச் கடினமான லெட். கோடு வெளிறித்தான் விழும். கறுப்பாக வரட்டும் என்று அவர் அழுத்தியிருக்கிறார், அழுத்தியதால் லெட் உடைந்திருக்கிறது, உடைந்ததற்காகப் பென்சிலை மாற்றியிருக்கிறார். முதலில் வாங்கிய அந்த பிளாஸ்டிக் பென்சிலிலேயே அதைவிட மென்மையான பி லெட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு முழுப் பக்கம் எழுதினார். உடையவில்லை, கையும் வலிக்கவில்லை. “இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே சார்” என்றார். யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். பென்சிலின் தோற்றம், உலோகம், பிடி பற்றியெல்லாம் ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். உள்ளே என்ன லெட் போட்டிருக்கிறாய் என்று கேட்பவர் அரிது.

காகிதத்தைத் தொடுவது லெட் மட்டும்தான். மரப் பென்சிலின் நடுவே இருப்பது கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டது. அதை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்கினால் எழுதும் அழுத்தத்தைத் தாங்காது. 1960இல் பென்டெல் நிறுவனம் களிமண்ணுக்குப் பதிலாகப் பிசினைச் சேர்த்து லெட் செய்த பிறகுதான், இன்று நாம் கையாளும் மெல்லிய, உறுதியான லெட் பரவியது. ஆகவே லெட்டின் தரம் என்பது கலவையும் சுடும் பக்குவமும் சேர்ந்தது. நல்ல லெட்டை விரல்களுக்கிடையே மெதுவாக வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சுமாரானது அந்த இடத்திலேயே முறியும்.

தடிமனும் சீராக இருக்கவேண்டும். 0.5 என்று அச்சிட்டிருக்கும் லெட்டின் உண்மையான குறுக்களவு 0.55 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கணக்கில்தான் லெட் வெளியே வரும் பென்சிலின் முனைக்குழாயும் செய்யப்படுகிறது. மலிவான லெட்டில் இது இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தால், மெல்லிய இடத்தில், லெட்டை உள்ளே கவ்விப் பிடிக்கும் கிளட்சின் பிடி நழுவும், தடித்த இடம் குழாயில் சிக்கும். திட்டு என்னவோ பென்சிலுக்குத்தான் விழும்.

கடினத்தன்மைக் குறியீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் அதற்குப் பொதுவான அளவுகோல் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். எச் பக்கம் போகப்போகக் கடினம், பி பக்கம் போகப்போக மென்மையும் கறுப்பும், எச்.பி. நடுவில். இந்த வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு நிறுவனத்தின் எச்.பி.யும் இன்னொன்றின் எச்.பி.யும் ஒரே கறுப்பாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் பயன்படுத்திய வரையில் ஜப்பானிய எச்.பி. லெட்கள் ஐரோப்பிய எச்.பி.யைவிடக் கறுப்பாகவே எழுதுகின்றன. “எனக்கு எச்.பி. பிடிக்காது” என்று சொல்பவரிடம் எந்த நிறுவனத்து எச்.பி. என்று நான் கேட்பது இதனால்தான்.

மென்மையான லெட் சீக்கிரம் உடையுமே என்று கேட்பார்கள். ஒரே அழுத்தம் கொடுத்தால் உடையும், உண்மைதான். ஆனால் மென்மையான லெட்டுக்கு யாரும் அதே அழுத்தத்தைக் கொடுப்பதில்லை. தொட்டாலே கறுப்பாக வருவதால் கை தானாகத் தளர்கிறது. அதற்கு விலை வேறு வகையில்: 2பி சீக்கிரம் தேயும், உள்ளங்கை பட்டால் பரவும். இடது கையால் எழுதுபவர்களுக்கு எழுதியதன் மேலேயே கை நகர்ந்து போவதால் பரவும் தொல்லை அதிகம். அவர்களுக்கு எச்.பி. அல்லது அதைவிடச் சற்றுக் கடினமான எஃப் நல்லது.

உடைவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் பென்சிலின் குற்றம் அல்ல. ஒன்று, லெட்டை நீளமாக வெளியே விடுவது. பெரும்பாலான பென்சில்களில் ஒரு அமுக்கலுக்கு அரை மில்லிமீட்டர் அளவில் லெட் நகரும். இரண்டு அமுக்கல் போதும். நான்கைந்து முறை அமுக்கிவிட்டு எழுதினால் எந்த லெட்டும் தாங்காது. இரண்டாவது, கீழே விழுந்த லெட் டப்பாவும் பென்சிலும். வெளியே பார்த்தால் முழுதாக இருக்கும் லெட் உள்ளே விரிசல் விட்டிருக்கும். மெதுவாக எழுதும்போதும் துண்டு துண்டாக வந்து விழுந்தால், உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டுப் புது லெட் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகு உடையாத பென்சிலைத் தேடுவதில் தப்பே இல்லை. சீப்ராவின் டெல்கார்ட் நேராக அழுத்தினால் லெட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும், சாய்த்து அழுத்தினால் முனை நீண்டு லெட்டை மூடும். பென்டெலின் ஓரென்ஸில் லெட் குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. லெட் தேயத் தேயக் குழாயும் பின்வாங்கும். 0.2 மி.மீ. லெட்டில் எழுத முடிவது அதனால்தான். இரண்டுமே அருமையான வேலைப்பாடு. ஆனால் வெளிறிய கோட்டை இவை கறுப்பாக்கித் தராது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் பென்சில் எதுவானாலும் சரி, ஒரே நிறுவனத்தின் எச்.பி., பி, 2பி மூன்றையும் வாங்குங்கள். வழக்கமாக எழுதும் காகிதத்தில் மூன்றாலும் ஒரே பத்தியை எழுதுங்கள், ஒரே கட்டத்தை நிழலிடுங்கள். பிடித்த கறுப்பு எது என்று தெரிந்ததும், அதே குறியீட்டை வேறு ஒரு நிறுவனத்தில் பாருங்கள். அதற்கு மேலும் குறை தெரிந்தால் அது பென்சிலின் குறை. என்ன குறை என்று தெரிந்துவிட்டதால் அடுத்து வாங்குவதும் பெரும்பாலும் சரியாகவே அமையும்.

0.5 தான் எல்லோருக்கும் என்று முடிவு கட்டுவது

எங்கும் கிடைப்பது 0.5. அது உங்கள் எழுத்துக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. பொடி எழுத்துக்காரர்கள் ‘ணூ’, ‘ஞூ’ போன்ற எழுத்துகளை எழுதிப் பார்க்கட்டும். சுழிகள் அடைந்துபோனால் 0.3 வேண்டும். பெரிய எழுத்தும் அழுத்தமான கையும் இருந்தால் 0.7. உடைவது பாதியாகக் குறைந்ததுபோல் உணர்வீர்கள். முதல் கட்ட வரைவு போடுபவர்கள் 0.9ஐ ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்கவேண்டும். கை சாய்வதற்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வருவது 0.5இல் கிடைக்காத சுகம்.

எழுத எழுத முனை ஒரு பக்கம் சப்பையாகி, கோடு தடித்துப்போகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். 2008இல் வந்த யூனி நிறுவனத்தின் குரு டோகா பென்சில் இதற்காகவே செய்யப்பட்டது. முனையைக் காகிதத்தில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் லெட்டைக் கொஞ்சம் திருப்பிவிடும். முதலில் வந்த அமைப்பில் ஒரு தடவைக்கு 9 பாகை, 40 தடவைக்கு ஒரு முழுச் சுற்று. எழுத்துக்கு எழுத்து கையை எடுத்து எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி. நீளமான கோடுகளை இழுப்பவருக்கு லெட் திரும்ப வாய்ப்பே குறைவு. அதோடு முனையில் ஒரு மெல்லிய அசைவு தெரியும். துல்லியமாக வரையும்போது எனக்கு அது பிடிப்பதில்லை.

வரைபடப் பென்சிலைச் சட்டைப் பையில் போடுவது

ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதற்கான பென்சில்களில் முனைக்குழாய் 4 மி.மீ. நீளத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலின் ஓரத்தை உரசாமல் ஓடவும், முனை படும் இடம் கண்ணுக்குத் தெரியவும் அந்த நீளம் தேவை. பென்டெல் பி205, ரோட்ரிங் 600, ஸ்டெட்லரின் 925 வரிசை எல்லாம் இந்த வகை. பார்க்க அழகாக இருப்பதால் தினசரி எழுத இவற்றை வாங்குகிறார்கள். சட்டைப் பையில் துணியைக் குத்தும், குனியும்போது நழுவும், விழுந்தால் முனை கீழே பட்டு விழும். குழாய் ஒரு மயிரிழை வளைந்தால் போதும், உள்ளே போகும் லெட் எல்லாம் அங்கேயே முறியும். நிமிர்த்திச் சரியாக்கியவர்களை நான் பார்த்ததில்லை.

பையில் போட்டு எடுத்துச் செல்வதென்றால் முனை உள்ளே போகும் பென்சிலைத் தேடுங்கள். பென்டெலின் கிராஃப்கியர் 1000 பென்சிலில் கிளிப்பை அமுக்கினால் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேசையை விட்டு நகராத பென்சிலுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கனமாக இருந்தால் தரமானது என்று நம்புவது

பித்தளை உடம்புள்ள ரோட்ரிங் 600இன் எடை 20 கிராமைத் தாண்டும். பிளாஸ்டிக் உடம்புள்ள பி205இன் எடை 10 கிராமைக்கூடத் தொடாது. இரண்டையும் பல வருடங்களாக விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. நாலு கோடு போடுவதற்குக் கனம் நன்றாகத்தான் இருக்கும், கை அசையாமல் நிற்கும். பக்கம் பக்கமாக எழுதும்போது அதே கனம் விரலில் உட்கார்ந்துகொள்ளும்.

எடையைவிட முக்கியம் அது எங்கே குவிகிறது என்பது. பென்சிலை ஆட்காட்டி விரலின் மேல் படுக்க வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். நடுவுக்கு முன்னால், முனைப் பக்கமாக இருந்தால் எழுதும்போது கை அதைத் தாங்கவேண்டியதில்லை. பின்பக்கம் கனத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் விரல்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். சொரசொரப்பான உலோகப் பிடியும் அப்படித்தான், கையில் எடுத்ததும் உறுதியாகத் தோன்றும். இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அரை மணி நேரத்தில் விரல் சிவந்துவிடும்.

கையெழுத்துப் போட்டுப் பார்த்து வாங்குவது

ஒரு பத்தியாவது எழுதிப் பாருங்கள்.

தலையில் இருக்கும் ரப்பரை நம்புவது

அவசரத்துக்கு மட்டும். தனி ரப்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பென்சிலால் எல்லாம் செய்ய நினைப்பது

பிடித்தமான பென்சில் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை. 0.5ஐ வைத்துக்கொண்டு பெரிய பரப்பை நிழலிட்டுத் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். கோடு கோடாகத்தான் வரும், காகிதமும் பளபளத்துப்போகும். நிழலுக்கு 2 மி.மீ. லெட் போடும் பென்சில் எடுங்கள். அதைக் கூராக்கத் தனிச் சீவி வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை. எழுத ஒன்று, வரைய ஒன்று என்று பிரித்துவிட்டால் இரண்டுக்குமே நியாயமான தேர்வு அமையும்.

லெட் நழுவினால் பென்சில் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது

லெட் முனையில் ஆடுகிறது, எழுதினால் உள்ளே போய்விடுகிறது என்றால் அது பெரும்பாலும் கடைசித் துண்டு. கிளட்ச் முனையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தேய்ந்த லெட் அதைத் தாண்டி வந்துவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த லெட்டை வரவிடுங்கள். புது லெட்டும் நழுவினால் முன்பகுதியைக் கழற்றி, பின்னால் அமுக்கியபடி கிளட்சுக்குள் சிக்கிய தூளையும் துண்டுகளையும் தட்டி எடுங்கள். பின்பக்கக் குழாயில் இரண்டு மூன்று லெட்டுக்கு மேல் திணிக்காதீர்கள், பாதி அடைப்பு அதனால்தான் வருகிறது.