திறந்து கிடக்கும் கேட்டைச் சாத்தாதீர்கள்

போன சனிக்கிழமை இங்கிலாந்தில் ஈடேல் ஸ்டேஷனில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். முன்னால் போன நாலு தமிழ்ப் பையன்களில் ஒருவன், திறந்து கிடந்த மேய்ச்சல் கேட்டைப் பொறுப்பாக இழுத்துக் கொண்டி மாட்டினான். ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். முறைத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அந்த இடத்தில் அப்படித்தான் முறைத்திருப்பேன்.

இங்கிலாந்துக் கிராமப் பக்கம் நடக்கப் போகும் நம்மவர்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன். ஷூ, மழைக்கோட்டு பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. இங்கிலாந்து மழை அதைக் கற்றுக்கொடுத்துவிடும்.

கேட்

268 மைல் நீளமுள்ள பென்னைன் வே என்ற நடைபாதை தொடங்குகிற ஊர் ஈடேல். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் இருக்கிறது. பூங்கா என்றதும் சர்க்கார் நிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பகுதி தனியார் பண்ணைதான். மஞ்சள் அம்பு போட்ட பாதையில் நடக்க நமக்கு உரிமை உண்டு, ஆனால் நிலம் நம்முடையதல்ல. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போகவேண்டும். சாத்தியிருந்தால் சாத்திவிட்டு, திறந்திருந்தால் திறந்தபடி.

நான் சாத்தியது ஒரு ஜூலை வெயிலில். கேட்டைத் திறந்தபடியே கல்சுவரோடு நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். யாரோ மறந்துவிட்டார்கள் என்று முடிச்சை அவிழ்த்துச் சாத்திவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு மலையேறினேன். தண்ணீர்த் தொட்டி சுவருக்கு அந்தப் பக்கம், செம்மறிகள் இந்தப் பக்கம்.

சாயங்காலம் பப்பில் பண்ணைக்காரர் யாரோ ஒரு சிவப்புத் தொப்பிக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தொப்பி என் தலையில் இருந்தது. அவர் கத்தவில்லை. "மத்தியானம் முழுக்கக் குட்டிகளோடு கேட்டில் முட்டிக்கொண்டு நின்றன" என்று மட்டும் சொன்னார். ஒரு பைன்ட் பியர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார், பேசவில்லை. அங்கே எனக்கு இன்றும் பெயர் 'சிவப்புத் தொப்பி'. முடிச்சைப் பார்த்தும் யோசிக்கவில்லையே என்றுதான் ஆத்திரம். காற்றா முடிச்சுப் போடும்?

நாய்

ஆடு கண்ணில் பட்டால் கயிற்றில்.

மேஜையில் காத்திருப்பது

பெரும்பாலான கிராமத்துப் பப்களில் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கவுண்டருக்குப் போங்கள். வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். "அவர்தான் முதலில்" என்று கை காட்டிப் பாருங்கள், அப்புறம் பேச்சு தானாக வரும்.

ரவுண்ட்

கூட வந்த எல்லாருக்கும் ஆள் மாற்றி ஆள் வாங்கித் தருவதுதான் ரவுண்ட். மூன்று பேர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு, நம் முறை வரும்போது ரயிலுக்கு ஓடக்கூடாது. ஆரஞ்சு ஜூஸ்காரருக்கும் முறை உண்டு.

மூன்று மணிச் சாப்பாடு

பல பப்களில் இரண்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் உப்புக்கடலைப் பாக்கெட்தான்.