ரஸ்டுக்கு மாற்றி எழுதும் முன் நிரலை அளப்பது எப்படி

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தேங்காய் மண்டிகளுக்கு பில் மென்பொருள் எழுதுபவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு: "பைத்தான் இழுக்குதுங்க, ரஸ்ட்ல எழுதிடலாமா?" இரண்டும் நிரல்மொழிகள், ரஸ்ட் பொதுவாக வேகமாக ஓடும். பத்துப் பதினைந்து வருடம் முன்பு, "மெஷின் மலிவு, நம்ம நேரம்தான் விலை" என்றார்கள். இரண்டுமே அளக்காமல் சொல்வதுதான். 2025-ல் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரை (எழுதிய நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கருவி) கோ என்ற நிரல்மொழிக்கு மாற்றுவதாக அறிவித்த மைக்ரோசாஃப்ட், சுமார் 10 மடங்கு வேகம் என்றது. கம்பைலருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அது ஓயாமல் கணக்குப் போடும் நிரல். மண்டி நிரல் பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும்.

முதலில் மண்டியிலிருக்கும் அதே கணினியில், உண்மையான ஒரு மாதத் தரவோடு ஓட்டுங்கள். உங்கள் லேப்டாப்பின் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) குறையை மறைத்துவிடும். காலையில் கணினியைப் போட்டதும் ஓடும் முதல் ஓட்டத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் திட்டுவது அதைத்தான்.

இழுக்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் பைத்தானின் நேரம் அளக்கும் ஃபங்ஷன்களான பெர்ஃப்_கவுண்டர், பிராசஸ்_டைம் இரண்டையும் வையுங்கள். முதலாவது கடிகார நேரம், இரண்டாவது பிராசஸர் வேலை செய்த நேரம். 50 விநாடிக்கு 3 விநாடிதான் வேலை என்றால், எந்த மொழியில் எழுதினாலும் மிச்சம் 47 குறையாது.

அப்படி வந்தால் எஸ்கியூலைட்டில் (தரவை ஒரே கோப்பில் வைக்கும் டேட்டாபேஸ்) எழுதும் இடத்தைப் பாருங்கள். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொரு எடைச்சீட்டுக்கும் கமிட், அதாவது நிரந்தரமாகப் பதியும் கட்டளை, போட்டிருப்பார்கள். கமிட் ஒவ்வொன்றும் தரவு டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விநாடிக்குச் சுமார் 60 கமிட்தான் முடியும். 3,000 சீட்டுக்கு 50 விநாடி போய்விடும். கமிட்டை லூப்புக்கு வெளியே ஒரே தடவை போட்டால் ஓரிரு விநாடிகூட ஆகாது. ஆனால் இது மொத்தமாக ஏற்றும் சீட்டுக்கு மட்டும். எடைமேடையில் லாரி நிற்கும்போது பதியும் சீட்டுக்குத் தனிக் கமிட் இருந்தே ஆக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கமிட் ஆகாதவை அத்தனையும் போய்விடும்.

தேடல் இழுத்தால், டேட்டாபேஸுக்கு அனுப்பும் அந்த எஸ்கியூஎல் கேள்விக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் கியூரி பிளான்' சேருங்கள். பெரிய டேபிளுக்கு 'ஸ்கேன்' என்று வந்தால், இண்டெக்ஸ் (புத்தகப் பொருளகராதி மாதிரி) வழியாகத் தேடாமல் முழுவதையும் படிக்கிறது என்று பொருள்.

பிராசஸர் நேரமே அதிகம் என்றால், ஒவ்வொரு ஃபங்ஷனும் எடுத்த நேரத்தைக் காட்டும் பைத்தான் கருவியான சிபுரொஃபைலில் ஓட்டி, எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற பத்தியைப் பாருங்கள். கேரள எல்லையோர மண்டிகளில் அடிக்கடி மாட்டுவது, சீட்டிலுள்ள பெயரை வியாபாரிப் பட்டியலோடு ஒப்பிடுவது. தமிழில் 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடின் என்எஃப்சி முறை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மலையாளச் சில்லெழுத்து (உயிர் சேராத தனி மெய்யெழுத்து) அப்படியல்ல. 2008-ல் யூனிகோட் 5.1 தந்த தனிக்குறியையும் பழைய வடிவத்தையும் என்எஃப்சி சேர்க்காது. மாற்று அட்டவணையை நீங்களே எழுத வேண்டும். இந்தச் சீராக்கலை லூப்புக்குள் செய்தால், 3,000 சீட்டு, 5,000 வியாபாரிக்கு ஒன்றரைக் கோடி அழைப்பு. பெயர் பதியும்போதே சீராக்கி, பைத்தான் டிக்ஷனரியில் (பெயரைக் கொடுத்தால் நேரே எடுத்துத் தரும் அமைப்பு) தேடினால் 3,000 தேடலோடு முடிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஃபங்ஷன் நேரத்தைத் தின்றால், அதை மட்டும், பைத்தானையும் ரஸ்டையும் இணைக்கும் பைஓ3 வழியாக ரஸ்டில் எழுதுங்கள். கடைக் கணினியில் 32 பிட் பைத்தான் இருந்தால் 32 பிட்டுக்கே கம்பைல் செய்யுங்கள். 64 பிட் கோப்பு அங்கே ஏறாது.